ஹூக்ளியின் நாடி சொல்லும் பாசி

லேக் மார்க்கெட் வட்டாரத்தில் குடியிருக்கும் நம்மவர்களுக்குப் பாசி என்றதும் நினைவுக்கு வருவது ரவீந்திர சரோவர் ஏரிதான். 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் தோண்டிய ஏரி அது. காலையில் அங்கே உலாவப் போகிறவர்கள், கோடை நாட்களில் கரையோரம் தண்ணீர் பச்சைப் பசேல் என்று குழம்பிக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். நிற்கும் தண்ணீர், பாசி பிடிப்பதில் அதிசயம் இல்லை.

ஆனால் மேற்கே சில கிலோமீட்டர் தூரத்தில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் ஹூக்ளியிலும் பாசி இருக்கிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். கலங்கிய அந்த ஆற்று நீரை ஒரு டம்ளரில் மொண்டு பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத பாசிகள் ஆயிரக்கணக்கில் மிதப்பது தெரியும். வேரும் இலையும் இல்லாத இந்தச் சின்னஞ்சிறு தாவரங்கள்தான் ஆற்றின் விளைச்சல். புல் இல்லாவிட்டால் மாடு இல்லை. பாசி இல்லாவிட்டால் ஆற்றில் மீன் இல்லை.

இது மீனோடு நிற்கும் விஷயமும் அல்ல. வடக்கே பாரக்பூரை அடுத்த பல்தாவிலும், தெற்கே கார்டன் ரீச்சிலும் ஹூக்ளித் தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்துதான் கொல்கத்தாவுக்குக் குடிநீர் தருகிறார்கள். நம் வீட்டுக் கார்ப்பரேஷன் குழாயில் வருவது இந்த ஆறுதான். ஆகவே ஆற்றில் எந்தப் பாசி எப்போது தலைதூக்குகிறது என்பது நம் சமையலறை விஷயம்!

மூன்று கூட்டங்கள்

ஆற்றுப் பாசிகளில் பல இனங்கள் உண்டு. முக்கியமான மூன்று கூட்டங்களைத் தெரிந்துகொண்டால் நமக்குப் போதும்.

முதலாவது டயாட்டம். மணலில் உள்ள சிலிக்காவைக் கொண்டு தன்னைச் சுற்றிக் கண்ணாடி டப்பா போல ஓடு கட்டிக்கொள்ளும் பாசி இது. மீன் குஞ்சுகளுக்கு நல்ல உணவு. இரண்டாவது பச்சைப் பாசி. நம் ஊர்க் குளத்துப் படியில் வழுக்குகிறதே, அதன் உறவினர். மூன்றாவது நீலப்பச்சைப் பாசி. உண்மையில் இது பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. சூடும் அசைவற்ற நீரும் சாக்கடைச் சத்தும் கிடைத்துவிட்டால் போதும், மளமளவென்று பெருகிவிடும். இதில் சில இனங்கள் நஞ்சும் கக்கும்.

கோடையில் தண்ணீரில் சில சமயம் ஒரு மண்வாடை அடிக்கும். பழைய குழாய், தொட்டி என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று, சில நீலப்பச்சைப் பாசிகள் வெளியிடும் ஜியோஸ்மின் என்ற பொருள். புதுமழை பெய்ததும் தரையிலிருந்து கிளம்பும் வாசனையும் இதே பொருளால்தான். ஒரு கோடி லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்! அந்த வாடை மட்டும் உடம்புக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் ஆற்றில் என்ன நடக்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம்.

ஆடியும் தையும் சித்திரையும்

காவிரியில் ஆடிப்பெருக்கு என்றால், இங்கே ஹூக்ளியிலும் அதே தென்மேற்குப் பருவமழைதான் வெள்ளம் கொண்டுவருகிறது. ஆடி, ஆவணியில் ஆறு செம்மண் குழம்பாக ஓடும். கலங்கிய நீரில் வெயில் இறங்காது. வெயில் இல்லாமல் பாசிக்குப் பிழைப்பு இல்லை. இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் வெள்ளம் கடலுக்கு அடித்துச் சென்றுவிடும். பாசிக் கணக்கு சரியும் காலம் இது.

ஐப்பசிக்குப் பிறகு வண்டல் படிகிறது, நீர் தெளிகிறது. மழை கழுவிக் கொண்டுவந்த உரச்சத்தும் சிலிக்காவும் நீரில் நிறைய இருக்கும். குளிர்ந்த நீர் டயாட்டங்களுக்குப் பிடித்தமானது. மார்கழி, தை மாதங்கள் அவற்றின் அறுவடைக் காலம்.

மாசி முடிந்தால் காட்சி மாறும். மேலிருந்து வரும் நீர் குறைகிறது. ஆறு மெதுவாக நகர்கிறது. நீர் சூடேறுகிறது. கடலிலிருந்து ஏறிவரும் அலையேற்றம் உப்பையும் உடன் கொண்டுவருகிறது. அலையேற்றம் கொல்கத்தாவைத் தாண்டி நவத்வீபம் வரை எட்டும் ஆறு இது. ஓட்டம் குன்றிய வளைவுகளிலும் துறைகளிலும் பச்சைப் பாசியும் நீலப்பச்சைப் பாசியும் கைகொடுத்துக்கொள்கின்றன. உப்பைத் தாங்கும் கழிமுக டயாட்டங்கள் கீழிருந்து மேலே நகர்கின்றன. மறுபடி ஆடி வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

இதுதான் ஆண்டுச் சுழற்சி. மழை நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனால் இந்த வண்டி தடம் புரளாமல் ஓடும்.

பல்தாவில் தொடங்கிய கணக்கு

இந்தப் பாசிகளை முதலில் கவனித்தவர்கள் குடிநீர்க்காரர்களே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பல்தாவில் நீர் நிலையம் வந்தது. பரந்த மணல் படுகைகளில் நீரைத் தேக்கி மெதுவாக வடிப்பது அந்நாளைய முறை. மணலின் மேல் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஒரு வழுவழுப்பான தோல் போலப் படியும். நோய்க்கிருமிகளைப் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு அந்தத் தோலுக்குத்தான்! ஆனால் பாசி அளவுக்கு மீறினால் படுகை அடைத்துக்கொள்ளும். மணலைச் சுரண்டி எடுக்க வேண்டும். நண்பனும் அதுவே, பகைவனும் அதுவே.

கல்கத்தா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ப்ரூலும் காளிபத பிஸ்வாஸும் 1920களின் தொடக்கத்தில் வங்காளத்து வடிகட்டிப் படுகைகளின் பாசிகளை ஆராய்ந்து எழுதினார்கள். பிஸ்வாஸ் பின்னாளில் சிப்பூர் தாவரவியல் தோட்டத்தின் முதல் இந்தியக் கண்காணிப்பாளர் ஆனார். எச். கே. ராய் என்பவர் பல்தாவில் ஹூக்ளியின் மிதவை உயிர்களைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி, 1955இல் அமெரிக்காவின் 'எகாலஜி' இதழில் வெளியாயிற்று. 1947இல் தொடங்கிய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம், இன்று பாரக்பூரில் மத்திய நிறுவனமாக இயங்குகிறது.

இந்தத் துறையில் நம்மவர் பங்கும் சிறிதல்ல. இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படுகிறவர் சென்னையைச் சேர்ந்த எம். ஓ. பி. ஐயங்கார் (1886-1963). நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி அவருடைய மாணவர் டி. வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட பெரிய நூல், உலகெங்கும் ஆராய்ச்சியாளர் மேஜையில் இடம்பெற்ற நூல்.

வானத்தின் நீண்ட கணக்கு

ஆண்டுச் சுழற்சிக்கு மேல் இன்னொரு சுழற்சி இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டன்மார் பரம்பரை பரம்பரையாகச் சொல்லி வந்தார்கள். 1876-78இல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. அந்த மழைப் பொய்ப்புக்கு ஒரு முக்கிய காரணம், பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால் பசிபிக் கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியது. பெரு நாட்டு மீனவர்கள் இத்தகைய சூட்டுக்கு இட்ட பெயர் எல் நினோ. இதற்கு எதிராகக் கடல் குளிர்ந்து போவதை லா நினா என்கிறார்கள். நம் அறுபது வருஷச் சக்கரம் போல இது கணக்காகச் சுற்றாது. இரண்டிலிருந்து ஏழு ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரும்.

இதன் மர்மத்தை அவிழ்க்கும் முயற்சிக்கும் கல்கத்தாவுக்கும் தொடர்பு உண்டு. இந்திய வானிலைத் துறை 1875இல் தொடங்கியபோது அதன் தலைமையிடம் இந்த நகரம். பின்னர் சிம்லாவிலிருந்து அத்துறையை நடத்திய கில்பர்ட் வாக்கர், இந்தியாவின் பருவமழைக்கும் பசிபிக் கடலின் காற்றழுத்த ஊசலாட்டத்துக்கும் உள்ள உறவைக் கணித வழியில் எடுத்துக்காட்டினார். இந்த வாக்கர்தான் 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜத்தின் கணக்குகளைப் பார்த்து, அவருக்கு உதவும்படி சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவர். குமாஸ்தா வேலையில் இருக்கும் நம் வாசகர்கள் இந்த வானிலை மேதையை நன்றியோடு நினைத்துக்கொள்ளலாம்!

எல் நினோ வந்தால் மழை கட்டாயம் பொய்க்கும் என்று சொல்லிவிட முடியாது. 1997இல் வலுவான எல் நினோ வந்தும் இந்தியாவில் பருவமழை ஏறக்குறைய வழக்கம் போலவே பெய்தது. ஆனால் 1972, 1987, 2002, 2009 ஆகிய வறட்சி ஆண்டுகள் யாவும் எல் நினோ ஆண்டுகளே. மறுபுறம், லா நினா தலைகாட்டிய 1998இல் கங்கை வெள்ளம் மால்டா, முர்ஷிதாபாத் மாவட்டங்களை மூழ்கடித்தது.

ஆறு இளைத்தால்

மழை பொய்த்த வருஷத்தின் விளைவை ஆறு உடனே காட்டாது. அடுத்த பங்குனியில்தான் காட்டும். 2014, 2015 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் நாட்டில் பருவமழை குறைந்தது. 2016 மார்ச்சில் ஃபராக்கா ஊட்டுக் கால்வாயில் நீர் மட்டம் இறங்கியதால், அதை நம்பியிருந்த 2,100 மெகாவாட் அனல் மின் நிலையத்தையே நிறுத்த நேர்ந்தது. கங்கையிலிருந்து ஹூக்ளிக்கு உயிர் ஊட்டும் கால்வாய் அதுதான்.

மின் நிலையத்தின் நிலை இது என்றால் பாசியின் உலகம் என்ன ஆகும்? நீர் குறைந்து மெதுவாக நகரும்போது, வெள்ளம் அடித்துச் செல்லுமுன் பெருகிக்கொள்ளப் பாசிக்கு அவகாசம் கிடைக்கிறது. நகரங்களின் சாக்கடை எப்போதும் போல் வந்து விழுகிறது. அதைக் கரைக்கும் நீர் மட்டும் குறைவு. சத்து கெட்டியாகிறது. டயாட்டங்கள் பின்வாங்க, நீலப்பச்சைக் கூட்டம் முன்னே வருகிறது. கீழிருந்து உப்பும் ஏறுகிறது.

இது புதிய பாடம் அல்ல. ஃபராக்கா அணை வருவதற்கு முன் கோடையில் கடலின் உப்பு பல்தா வரை எட்டியது. 1975 ஏப்ரலில் அணை இயங்கத் தொடங்கியதும் உப்பின் எல்லை கடல் பக்கம் தள்ளிப்போயிற்று. நன்னீர்ப் பாசிகளும் நன்னீர் மீன்களும் முன்பைவிடக் கீழே வரை பரவின. மனிதன் கதவைத் திறந்தால் ஒரு வகை, வானம் கதவைச் சாத்தினால் இன்னொரு வகை. பாசி இரண்டையும் பதிவு செய்கிறது. டயாட்டத்தின் ஓடு மட்கிப் போகாது. சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும். அந்தச் சேற்றைத் துளைத்தெடுத்து, எந்த அடுக்கில் உப்பு நீர் இனம், எந்த அடுக்கில் நன்னீர் இனம் என்று எண்ணி, எழுத்தில் இல்லாத காலத்து மழை வரலாற்றையும் விஞ்ஞானிகள் படித்துவிடுகிறார்கள்.

கை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். 1991இன் இறுதியில், எல் நினோ வறட்சியில் டார்லிங் நதி இளைத்துக் கிடந்தபோது, சுமார் 1,000 கிலோமீட்டர் நீளத்துக்கு நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. கால்நடைகள் மடிந்தன. நியூ சவுத் வேல்ஸ் அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. 1996இல் பிரேசிலில் கருவாரு என்ற ஊரில், பாசி நஞ்சு கலந்த நீரைச் சிறுநீரக நோயாளிகளின் இரத்தச் சுத்திகரிப்புக்குப் பயன்படுத்தியதால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நம் ஊரில் மேட்டூர் அணையில் பச்சைப் படலம் மிதந்து துர்நாற்றம் வீசுவதாகக் கரையோர மக்கள் முறையிடும் செய்திகளை அண்மை ஆண்டுகளில் பலமுறை படித்திருக்கிறோம். ஹூக்ளி பெரிய ஆறு; அலையேற்றம் தினம் இருமுறை அதைக் கலக்குகிறது. அதனால் டார்லிங் போல் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கவனிக்காமல் விடலாம் என்பதும் இல்லை.

இலிஷும் காலராவும்

வங்காளிகளின் உயிர் நாடியான இலிஷ் மீன், மிதக்கும் பாசியையும் அதைத் தின்னும் நுண்ணுயிர்களையும் தின்று வளர்கிறது. கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குள் ஏறி வரும். குஞ்சுகள் ஆற்றிலேயே சில மாதம் மேய்ந்து பிறகு கடலுக்குத் திரும்பும். அந்த மேய்ச்சல் காலத்தில் டயாட்டம் செழித்திருந்தால் குஞ்சுக்குக் கொண்டாட்டம். நீர் குறைந்து பாசி இனம் மாறினால் மேய்ச்சல் கெடும். அளவுக்கு மிஞ்சிப் பிடிப்பதும், சிறு கண்ணி வலைகளும், மேலே போகவிடாத ஃபராக்கா அணையும் இலிஷின் விலையை ஏற்றிய காரணங்கள்தான். அவற்றோடு இந்தப் பச்சைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் கவலைக்குரியது காலரா. 1884இல் ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக் இந்த நகரத்துக்கு வந்துதான், காலராக் கிருமி நோயாளிகள் பயன்படுத்திய குளத்து நீரிலும் இருப்பதைக் காட்டினார். நூறு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கால்வெல்லும் அவருடைய கூட்டாளிகளும், அந்தக் கிருமி நீரில் மிதக்கும் கோப்பிபாட் என்ற நுண்ணிய இறால் போன்ற உயிரின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது என்று கண்டார்கள். கோப்பிபாட்டின் சாப்பாடு பாசி. பாசி பெருகினால் அது பெருகும். அது பெருகினால் கிருமிக்கும் குடியிருப்பு பெருகும். 2000இல், டாக்காவின் பல ஆண்டுக் காலரா நோயாளிக் கணக்கை ஆராய்ந்தவர்கள், அதன் ஏற்ற இறக்கத்துக்கும் எல் நினோவுக்கும் தொடர்பு இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். பசிபிக் கடலின் சூட்டுக்கும் வங்கத்து வீட்டுக் குடத்துக்கும் நடுவே நிற்கும் கண்ணிகளில் ஒன்று பாசி!

நாம் செய்யக் கூடியது

குடிநீரைத் துணியில் வடிகட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வெளுத்த பழைய வேட்டியை மடித்துக் குடத்தின் வாயில் கட்டுவார்கள் நம் தாய்மார்கள். அதில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதை வங்கதேசத்தின் மத்லப் பகுதி காட்டியது. அங்கே 65 கிராமங்களில், பழைய பருத்திப் புடவையை நான்கு முறை மடித்து நீரை வடிகட்டிக் குடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்ற முடிவு 2003இல் வெளியாயிற்று. கிருமி துணியை விடச் சிறியது; ஆனால் அது ஏறியிருக்கும் கோப்பிபாட்டும் பாசித் துணுக்கும் துணியில் மாட்டிக்கொள்கின்றன. புதுத் துணியை விடப் பழைய துணி மேல். பலமுறை துவைத்து நூல் உப்பி, துளை சிறுத்திருக்கும்.

ஆனால் வடிகட்டுவது முதல் படிதான். வடிகட்டிய பின் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்பது நல்லது. துணியை உடனே துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதித்தாலும் அழியாது. ஆகவே பச்சைப் படலம் மிதக்கும் ஏரி, குளத்து நீரைக் காய்ச்சினாலும் குடிக்கக் கூடாது. குழந்தைகளை அதில் குளிக்க விடவும் கூடாது.

வானத்தின் சுழற்சியை நம்மால் நிறுத்த முடியாது. கடல் ஆண்டுக்கு ஆண்டு சூடேறி வருவதால் அதன் ஆட்டம் இன்னும் கடுமையாகலாம். ஆனால் அந்தச் சுழற்சிக்குத் தீனி போடும் சாக்கடையை நிறுத்துவது மனிதன் கையில் இருக்கிறது. காளிகாட் ஓரமாகப் போகும் ஆதி கங்கையைப் பாருங்கள். ஒரு காலத்தில் கங்கையின் பெருவழி; இன்று அந்தப் பக்கத்து வீடுகளின் கழிவைச் சுமந்து போய் ஹூக்ளியில் கொட்டுகிறது. எல் நினோ வருஷத்தில் ஆறு இளைக்கும்போது, அந்தக் கழிவுதான் நீலப்பச்சைப் பாசிக்கு விருந்து.

மழைமானியை நாள்தோறும் பார்த்துக் கணக்கு எழுதுவது போல, ஆற்றின் பாசியையும் மாதந்தோறும் எண்ணிப் பொதுமக்களுக்கு அறிவித்தால், வரும் கோடை எப்படி இருக்கும் என்று நீர் நிலையமும் மீனவரும் மருத்துவமனையும் முன்கூட்டியே தயாராகலாம். வைத்தியர் மணிக்கட்டில் விரல் வைத்து உடம்பைப் படிப்பதில்லையா? ஆற்றின் மணிக்கட்டு பாசிதான். பிழைக்க வந்த இடத்தில் நம்மைக் காப்பாற்றும் ஆறு இது. அதன் நாடித் துடிப்பு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.